விரைவோட்டச் சைக்கிள் வீரர்

எங்கள் கீரமங்கலத்துப் பொங்கல் விளையாட்டுக்களில் யாவரையும் நகைப்பிப்பது மெதுவாகச் சைக்கிள் ஓட்டும் போட்டியேயாகும். கடைசியில் வருபவனுக்கே பரிசு. காலைத் தரையில் ஊன்றியவன் தோற்றவனாவான். விடியற்காலையில் மல்லிகையும் முல்லையும் மூட்டையாகக் கட்டிப் பூக்கமிஷன் கடைக்கு விரைந்து மிதிக்கும் பிள்ளைகள், அன்று மாலை நத்தையினும் மெல்ல ஊர்வர். இஃது வெறும் வேடிக்கையன்று என்பது என் கொள்கை. உலகிலேயே மிக விரைவான சைக்கிள் பந்தயத்திலும் இவ்வித்தையே வேண்டப்படுகின்றது.

அப்பந்தயத்தை ஸ்பிரிண்ட் என்பர். அதற்குரிய நீள்வட்டத் தளம் பெரும்பாலும் 250 மீட்டர் சுற்றளவுடையது. வளைவுகளில் சுவரேபோற் சாய்ந்து நிற்பது. வண்டிக்குப் பிரேக் கிடையாது. சக்கரம் சுழலுமட்டும் காலும் சுழன்றேயாக வேண்டும். போட்டியிடுவோர் இருவர். முன்னே செல்பவன் காற்றைக் கிழிக்க, பின்னே வருபவன் அவன் மறைவில் தன் வலிமையைச் சேமித்துக்கொள்கின்றான். ஆதலின் முன்செல்ல இருவரும் உடன்படார். சிற்சில வேளைகளில் வண்டிமீது அசையாது நின்றேவிடுவர். பின்னர்த் திடீரெனப் பாய்ந்து, இறுதி 200 மீட்டரை ஏறக்குறையப் பத்து விநாடியிற் கடப்பர்.

இத்துறையில் இந்தியருள் முதன்முதல் உலகப் போட்டிப் பதக்கம் பெற்றவர் எசோ ஆல்பென். 2001இல் பிறந்த இவர் அந்தமான் நிக்கோபார் தீவினர்; முதலிற் படகுப் பந்தயத்தில் துடுப்பு வலித்தவர். 2018இல் சுவிட்சர்லாந்திலுள்ள ஐகிள் நகரில் நிகழ்ந்த இளையோர் உலகப் போட்டியில், கெய்ரின் பந்தயத்தில் வெள்ளி பெற்றார். கெய்ரின் என்பது 1948இல் ஜப்பானில் தோன்றியது. மோட்டார் வண்டியொன்றின் பின்னே அணிவகுத்துச் சென்று, அது விலகியதும் பாய்வது. அன்று அவர் தங்கத்தை இழந்தது 0.017 விநாடியில். கண்ணிமைக்கும் பொழுதில் அது பத்தில் இரண்டு பங்கும் இராது!

மறு ஆண்டு ஜெர்மனியில், ஓடர் ஆற்றங்கரையிலுள்ள பிராங்பர்ட்டில், அவரும் மணிப்பூர் வீரர்களான ரொனால்டோ சிங், ரோஜித் சிங் என்போரும் மூவர் விரைவோட்டத்தை 44.764 விநாடியில் முடித்து, ஆஸ்திரேலிய அணியை வென்று தங்கம் பெற்றனர். இதில் முதல்வர் ஒரு சுற்று முன்னின்று காற்றைத் தாங்கி விலகிவிடுவார். இரண்டாமவர் அடுத்த சுற்றோடு விலகுவார். மூன்றாமவரே எல்லையைத் தொடுவார். பதக்கமோ மூவர்க்கும் ஒன்றே. எல்லையைத் தொடாமலே வெல்லும் அம்முதல்வர் நிலை எனக்கு எப்பொழுதும் வியப்பளிப்பது. ரொனால்டோ பின்னர் 2022இல் டெல்லியில் நடந்த ஆசியப் போட்டியில், பெரியோர் பிரிவு ஸ்பிரிண்டில் வெள்ளி வென்றார்.

புதுக்கோட்டை மாவட்டத்துக்குச் சைக்கிள் புதிதன்று. அறிவொளி இயக்க நாட்களில், 1991-92இல், இம்மாவட்டத்துப் பெண்கள் பல்லாயிரவர் சைக்கிள் பழகினர். வயல்வேலை செய்வோரும் கல்லுடைப்போரும் அவர்களுள் இருந்தனர். அவர்தம் பேரப்பிள்ளைகள் இன்று பள்ளிக்கு மிதித்துச் செல்கின்றனர். காலும் மூச்சும் இங்கே நிரம்ப உண்டு. சாய்தளம் ஒன்றே இல்லை. எசோவும் கடல் கடந்து டெல்லிக்கு வந்தே பயின்றார்.