விடுபட்ட ஆறு பேர்

2020 ஏப்ரலில் நான் எழுதிய ரிவ்யூ கட்டுரைதான் என் பெயரில் அதிகம் மேற்கோள் காட்டப்பட்டது. அதில் ஒரு தவறான தகவல் இருக்கிறது. தெரியாமல் நேர்ந்தது என்று தப்பிக்க மாட்டேன். தெரிந்துகொள்ள நான் மெனக்கெடவில்லை.

ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் கோவிட் வைரஸை உடலிலிருந்து விரைவாக நீக்குகிறது என்று எழுதினேன். ஆதாரம், மார்ச் 20 அன்று பிரான்ஸின் மார்செய் நகர ஆய்வுக் குழு வெளியிட்ட ஆய்வு. அதன் சுருக்கத்தை மட்டும் படித்திருந்தேன். முழுக் கட்டுரை என் கணினியிலேயே இருந்தது. திறக்கவில்லை. முந்திக்கொண்டு வருகிற கட்டுரையைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். எனக்குப் பேராசிரியர் பதவிக்கான நேர்காணல் நெருங்கிக்கொண்டிருந்தது.

கட்டுரை வெளியான பிறகு, பயிற்சி மருத்துவர் ஒருவர் கேட்டார்: "மருந்து கொடுத்தது 26 பேருக்கு. கணக்குல 20 பேர்தானே சார் இருக்காங்க?"

அன்றுதான் திறந்து பார்த்தேன். விடுபட்டவர்களில் மூவர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றப்பட்டவர்கள். ஒருவர் இறந்துவிட்டார். ஒருவர் குமட்டலால் மருந்தை நிறுத்தினார். ஒருவர் மருத்துவமனையை விட்டுப் போய்விட்டார். யாரும் ஒளித்துவைக்கவில்லை. கட்டுரையிலேயே அச்சாகியிருந்தது.

"சின்ன ஸ்டடிதானே, நாலு பேர் விட்டுப்போகத்தான் செய்வாங்க" என்றேன். இறந்தவரையும் அந்தக் கணக்கில் சேர்த்துத்தான் சொன்னேன். அந்தப் பயிற்சி மருத்துவர் என்னை நம்பினார். மாத்திரையைப் போட்டுக்கொண்டு வார்டுக்குப் போனார். மருத்துவப் பணியாளர்கள் தொற்றைத் தடுக்க அதைச் சாப்பிடலாம் என்ற ஐசிஎம்ஆர் பரிந்துரை மார்ச்சிலேயே வந்திருந்தது; ஆனாலும் அவர் தயங்கினார். தயக்கத்தைப் போக்கியது நான்.

அதே வாரங்களில், இதே மாத்திரையை ஆண்டுக்கணக்கில் சாப்பிட்டுவந்த லூபஸ் நோயாளிகள் சீட்டோடு மருந்துக்கடை மருந்துக்கடையாக அலைந்தார்கள். கிடைக்காமல் போன ஒரு பெண், முகமும் காலும் வீங்கி எங்கள் மருத்துவமனையிலேயே சேர்ந்தார். சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருந்தது. நான் அவரைப் போய்ப் பார்க்கவில்லை. பயம்.

ஜூன் 5 அன்று இங்கிலாந்தின் ரெக்கவரி ஆய்வு, இம்மருந்தால் மரணம் குறையவில்லை என்று அறிவித்தது. நான் திருத்தம் அனுப்பியிருக்க வேண்டும். சைட்டேஷன் ஏறிக்கொண்டிருந்தது; அனுப்பவில்லை. நேர்காணலில் அந்தக் கட்டுரையைப் பாராட்டினார்கள். நன்றி சொன்னேன். பதவி கிடைத்தது.

2024 டிசம்பரில் மார்செய் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அதன் பிறகும் என்னுடையதை விட்டுவைத்திருந்தேன். இப்போதுதான் அதை நீக்கச் சொல்லி இதழாசிரியருக்கு எழுதியிருக்கிறேன். அதைத் தங்கள் ஆய்வேடுகளில் மேற்கோள் காட்டிய மாணவர்களிடமும் சொன்னேன். மார்செய் கட்டுரையை அவர்களில் ஒருவர்கூடத் திறந்து பார்க்கவில்லை. நான் படித்திருப்பேன் என்று நம்பியிருக்கிறார்கள்.