ஈரமாய்ப் போய் இறுகி வரும் தாள்

காலண்டர் வேலை சூடுபிடித்திருக்கும் நேரத்தில் சிவகாசிக்குப் போனால் யுவி கோட்டிங் மிஷின்களுக்கு ஓய்வே இருக்காது. நான் போன பட்டறையில் முருகன் படம் ஓடிக்கொண்டிருந்தது. கிரீடம், நகை, வேல் இவற்றுக்கு மட்டும் பளபளப்பு ஏற்றும் ஸ்பாட் யுவி வேலை. ஸ்கிரீன் மேல் ரப்பர் பட்டை வார்னிஷை இழுத்துவிடுகிறது. தாள் ஈரத்தோடு கன்வேயரில் ஏறி, விளக்குக் கூட்டுக்குள் நுழைந்து, ஓரிரு நொடியில் மறுபக்கம் வந்து விழுகிறது. தாளை எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தேன். ஒட்டவில்லை, இளஞ்சூடு மட்டும் இருந்தது.

இதைக் காய்வது என்று சொல்ல முடியாது. சாதாரண வார்னிஷில் கரைப்பான் ஆவியாகிப் போகும். இதில் அக்ரிலேட் மூலக்கூறுகளோடு போட்டோ இனிஷியேட்டர் என்ற பொருள் சிறிதளவு கலந்திருக்கிறது. யுவி என்கிற புற ஊதா ஒளி பட்டதும் அது உடைகிறது. உடைந்த துண்டுகள் அக்ரிலேட்டுகளை ஒன்றோடொன்று கோத்துவிட, திரவம் பிளாஸ்டிக் வலையாகிறது. மேற்பரப்பில் காற்றிலுள்ள ஆக்சிஜன் இந்தக் கோர்வையைத் தடுக்கப் பார்க்கும். விளக்கு பழசாகி வலு குறைந்தால் தாள் பிசுபிசுப்பாகவே வெளிவருவது அதனால்தான். வார்னிஷ் கறுப்பு கேனில் வருவதற்கும் காரணம் உண்டு: வெயிலிலும் இதே ஒளி இருக்கிறது.

கூட்டுக்குள் எரிவது பாதரச ஆவி விளக்கு. சூடேறச் சில நிமிடம் பிடிக்கும். அணைத்தால் ஆறிய பிறகுதான் மறுபடி எரியும். அதனால் டீ குடிக்கப் போகும்போதும் அதை அணைப்பதில்லை. 365 நானோமீட்டர் கதிரோடு, 254, 313 என்று கண்ணையும் தோலையும் பதம்பார்க்கும் கதிர்களும் அதிலிருந்து வருகின்றன. 240க்கும் குறைந்த கதிர்கள் ஆக்சிஜனை ஓசோனாக மாற்றும். மிஷின் பக்கத்தில் மூக்கைக் குத்திய வாடை அதுதான். உறிஞ்சு குழாயைக் கூரைக்கு வெளியே கொண்டுபோய் விட்டாக வேண்டும்.

"குனிஞ்சு உள்ள பாத்துராதீங்க சார்" என்றார் மிஷின்மேன். கூட்டின் வாயில் தொங்கவேண்டிய தடுப்புத் தகட்டை, சிக்கிய தாளை எடுக்க வசதியாகக் கழற்றிவிடுவது உண்டாம். "அப்ப ஒண்ணுந் தெரியாது. ராத்திரி படுத்தப்புறம் கண்ணுல மணல அள்ளிப் போட்ட மாதிரி அறுக்கும்." வெல்டிங் வேலைக்காரர்களுக்கு வருவதும் இதேதான். கருவிழியின் மேல்தோல் வெந்துபோய், பல மணி நேரம் கழித்துத்தான் வலி தெரியும். நாம் பார்ப்பது ஊதா வெளிச்சத்தை மட்டும். சுடும் பகுதி கண்ணுக்கே தெரியாது. கூசவில்லை என்பதை நம்பி நிற்கக் கூடாது. இந்த விளக்குக்கு நிறமில்லாத பாலிகார்பனேட் கண்ணாடியே பெரும்பாலான கதிரைத் தடுத்துவிடும். புதிதாக வரும் 395, 405 நானோமீட்டர் எல்இடி விளக்குகளில் ஓசோன் இல்லை, சூடேறக் காத்திருக்கவும் வேண்டாம். ஆனால் அவற்றுக்கு மஞ்சள் அல்லது ஆரஞ்சுக் கண்ணாடி வேண்டும்.

எனக்கு விளக்கைவிடக் கவலை தந்தது வார்னிஷ்தான். மூலையில் ஸ்கிரீன் கழுவிக்கொண்டிருந்த அக்காவின் விரலிடுக்குகள் சிவந்து வெடித்திருந்தன. "தின்னர் சேரல" என்றார். தின்னராகவும் இருக்கலாம். ஆனால் இறுகாத அக்ரிலேட் தோலில் பட்டுப் பட்டு ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால், அது பெரும்பாலும் ஆயுளுக்கும் போகாது. பிறகு துளி பட்டாலும் கொப்புளிக்கும். பல் அடைக்கும் பசையிலும் நகப்பூச்சு ஜெல்லிலும் இதே இனம்தான் இருக்கிறது. அங்கேயும் தொல்லை தொடரலாம். விளக்குக்குத் தகடு போட்ட முதலாளிகள்கூட இந்த ஈரத்தைப் பொருட்படுத்துவதில்லை என்பது எனக்குப் பொறுக்கவில்லை.

கையில் பட்டதைத் தின்னரால் துடைக்கக் கூடாது. அது தோலின் எண்ணெய்ப் பசையைக் கரைத்து வார்னிஷை உள்ளே இறக்கும். சோப்பும் தண்ணீரும் போதும். "கிளவுஸ் இருக்கா அக்கா?" என்று கேட்டேன். ஆணியில் மாட்டியிருந்ததைக் காட்டினார். ஆண்கள் கைக்கான பெரிய சைஸ். "போட்டா ஸ்கிரீன் வழுக்குதுய்யா." நைட்ரைல் உறை சின்ன சைஸிலும் கிடைக்கிறது. மெல்லியதாக இருந்தால் வார்னிஷ் ஊடுருவிவிடும் என்பதால், நனைந்ததும் கழற்றி வேறு மாட்ட வேண்டும். சின்ன சைஸில் ஒரு பெட்டி வாங்கி வைக்கும்படி முதலாளியிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன்.