அந்தப் பையனை எங்கள் அறிக்கையில் எழுதவில்லை

2018 அக்டோபர் 22 அன்று, ஆத்தூரை அடுத்த தளவாய்ப்பட்டியில் எட்டாம் வகுப்புத் தலித் மாணவி ஒருவர் தாயின் கண்ணெதிரே வெட்டிக் கொல்லப்பட்டார். அதன் பிறகு சேலம், நாமக்கல் சமவெளியில் வன்கொடுமை என்று செய்தி வந்தால் உண்மை அறியும் குழுவாக ஓடுவது எங்களுக்கு வழக்கமானது. முதல் தகவல் அறிக்கையில் சரியான பிரிவு போட்டிருக்கிறார்களா? கைது நடந்ததா? நிவாரணத்தின் முதல் தவணை வந்ததா? எல்லாம் கேட்க வேண்டிய கேள்விகள்தான். அந்தத் தெருப் பிள்ளைகள் இரவில் தூங்குகிறார்களா என்று மட்டும் நாங்கள் கேட்டதில்லை.

நாமக்கல் பக்கம் ஒரு காலனி. ஊர்ப் பெயர் வேண்டாம். திருவிழாத் தகராறில் பைக்குகளில் வந்த கும்பல் வீடு புகுந்து அடித்துவிட்டுப் போனது. மூன்றே நாளில் அறிக்கை தயாரித்தோம். இரண்டு மாதம் கழித்து வழக்கு விஷயமாகப் போனபோது ஒரு பாட்டி எங்கள் கையைப் பிடித்துக்கொண்டார். "கேஸு கெடக்கட்டும் கண்ணு. எம் பேரன் பள்ளிக்கூடமே போறதில்ல. ராத்திரியில பாய நனைச்சுப்போடறான். வண்டிச் சத்தம் கேட்டா கட்டிலுக்கு அடியில பூந்துக்கறான்."

பையனுக்கு ஒன்பது வயது. நாங்கள் வாக்குமூலம் எழுதிய அன்று அதே திண்ணையில் இருந்தான். எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தவனே அவன்தான்.

1901-இல் ஏறக்குறைய அதே வயதில் அம்பேத்கர் தந்தையைப் பார்க்கக் கோரேகான் போகிறார். மசூர் ரயில் நிலையத்தில் இறங்கிய பிள்ளைகள் மகர்கள் என்று தெரிந்ததும் வண்டிக்காரர் வண்டியோட்ட மறுக்கிறார். பிள்ளைகளே ஓட்டிப் போகிறார்கள். இரவு முழுக்கக் குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. பல பத்தாண்டுகள் கழித்து எழுதும்போதும் அவருக்கு அது மறக்கவில்லை. அதைப் படித்துவிட்டுத்தான் நாங்கள் இயக்கத்துக்கு வந்தோம். வந்தும் திண்ணையில் இருந்தவனைப் பார்க்கவில்லை.

பையனையும் அம்மாவையும் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். "வீட்டில் சண்டையா?" என்று மருத்துவர் கேட்டார். அம்மா தலையாட்டினார். பொய்யில்லை. அடிபட்ட கையோடு அப்பா தறிப்பட்டறைக்குப் போக முடியவில்லை. வாங்கிய முன்பணம் நிற்கிறது, குடி கூடியிருக்கிறது. ஆனால் பைக்குகள் வந்த இரவை அம்மா சொல்லவில்லை. சொன்னால் சாதியைச் சொல்ல வேண்டும். இரண்டு வாரத்தில் மறுபடி வரச் சொன்னார்கள். போகவில்லை. போனால் சேகோ பேக்டரியில் ஒருநாள் கூலி போய்விடும்.

உதவிகள் இல்லாமல் இல்லை. விசாரணைக் காலத்திலேயே சமூகப் பொருளாதார மறுவாழ்வு என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவு சொல்கிறது. கொலை வழக்குகளில், பட்டப்படிப்பு வரை பிள்ளைகளின் முழுக் கல்விச் செலவும் உண்டு. இதைக் கேட்டு மனுப்போடும் தோழர்கள் குறைவு. மிஷன் வாத்சல்யாவில் தகுதியுள்ள பிள்ளைகளுக்கு மாதம் 4,000 ரூபாய். 1098 இருக்கிறது, மனநல உதவிக்கு 14416 இருக்கிறது. எல்லாம் தனித்தனி அலுவலகம், தனித்தனிப் படிவம். இத்தனையையும் இணைக்கும் அதிகாரி யாரென்றால், கூலி இழந்து பேருந்தில் நிற்கும் அந்த அம்மாதான்.

அந்த வேலையை நாங்கள் எடுத்துக்கொண்டோம். ஒருவர் மனுக்களோடு அலைந்தார். ஒருவர் அம்மாவோடு மருத்துவமனைக்குப் போனார். இம்முறை நடந்ததை முழுதாகச் சொன்னார்கள். அப்பாவோடு பட்டறைக்குப் போய் முன்பணக் கணக்கைப் பேசியது இன்னொருவர், அதுதான் கடினமாக இருந்தது, இன்னும் முடியவில்லை. தலைமையாசிரியர் கொஞ்ச நாள் பாட்டியை வகுப்பு வாசலில் உட்கார அனுமதித்தார். எந்தத் திட்டத்திலும் எழுதப்படாத இந்த ஒன்றுதான் அவனைப் பள்ளிக்குத் திரும்ப வைத்தது என்பது எங்கள் எண்ணம்.

இப்போது எங்கள் அறிக்கைப் படிவத்தில் ஒரு பக்கம் கூடியிருக்கிறது: வீட்டில் எத்தனை பிள்ளைகள், தூக்கம், சாப்பாடு, பள்ளி, கடன். அடிபட்டவரிடம் பேசும்போதே பிள்ளைகளோடு தனியாக உட்கார ஒருவர் வேண்டும். அதற்குத்தான் ஆள் போதவில்லை.

பையன் மாலைப் படிப்பகத்துக்கு வருகிறான். வாசலை ஒட்டித்தான் உட்காருவான். பைக் சத்தம் கேட்டால் பாடம் நடத்தும் அக்கா முகத்தைப் பார்க்கிறான். அக்கா எழுந்து எட்டிப் பார்த்து, யார் வண்டி என்று சொல்கிறார். பிறகு எழுதுகிறான்.