உப்புக் காற்றில் ஒரு மைக்

உப்பள ஊரான எங்கள் மரக்காணத்தில் வீட்டுக்குக் கரோக்கி செட் வாங்க நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எத்தனை வாட்ஸ் எடுக்கலாம்?" கல்யாணம், காதுகுத்து, திருவிழா என்று மைக் செட் கட்டிப் பிழைப்பவன் நான் என்பதால் அந்தக் கேள்வி வருகிறது. பத்துக்குப் பன்னிரண்டு அறையில் பாட வாட்ஸ் ஒரு பொருட்டே அல்ல. அட்டைப்பெட்டியில் ஆயிரக்கணக்கில் அச்சடித்திருப்பதை நம்பவும் வேண்டாம். "நீங்க எந்தக் கட்டையில பாடுவீங்க?" என்று திருப்பிக் கேட்பேன். பெரும்பாலும் பதில் வராது. தன் குரலுக்கு ஏற்ற அந்தச் சுருதியைத் தெரிந்துகொண்டு கடைக்குப் போவதுதான் நல்லது.

கரோக்கி பிறந்த கதையே இதைத்தான் சொல்கிறது. ஜப்பானின் கோபே நகரத்து மதுக்கூடங்களில் கீபோர்டு வாசித்தவர் டைசுகே இனோவே. அவர் வாசித்தால் மட்டுமே தன்னால் பாட முடிகிறது என்று ஒரு வாடிக்கையாளர் வெளியூர்ப் பயணத்துக்குக் கூப்பிட்டார். இனோவேயால் போக முடியவில்லை. அந்த மனிதரின் குரலுக்குத் தோதாக வாசித்து ஒரு டேப்பில் பதிந்து கொடுத்தார். அதிலிருந்து 1971இல் காசு போட்டால் பாடும் இயந்திரம் வந்தது. ஒரு சாதாரணக் குரலுக்காக இசை இறங்கி வந்தது என்பதில் எனக்கு இன்றும் பெரிய மகிழ்ச்சி. இன்று கிடைக்கும் டிராக்குகளோ அசல் பாடகரின் சுருதியிலேயே இருக்கின்றன. தேர்ந்த பின்னணிப் பாடகர் எட்டிப் பிடித்த உச்சத்தை, முதல் நாளே நாமும் பிடிக்க வேண்டும் என்றால் தொண்டைதான் கிழியும்.

எங்கள் தெருவில் உப்பு வாரப் போகும் அக்கா ஒருவருக்குச் சுசீலாம்மா பாட்டு என்றால் உயிர். மகன் டிராலி ஸ்பீக்கர் ஒன்று வாங்கி வந்தான். போய்ப் பார்த்தால் எக்கோ முழுசாக ஏற்றி வைத்திருக்கிறது. "இன்னா தம்பி, கெணத்துக்குள்ள இருந்து கத்துற மாதிரி இருக்குதே என் கொரலு" என்றார். எக்கோவைச் சுத்தமாக இறக்கினேன். வெறும் குரலைக் கேட்டதும், "ஐய, இதுவா நானு? பழையபடியே வச்சுடு" என்று மைக்கை நீட்டினார். "ஒரே ஒரு பல்லவி பாடுக்கா" என்று கெஞ்சி, போனில் ஒரு செயலியைப் போட்டு டிராக்கை மூன்று படி இறக்கினேன். ஒரு படி என்றால் ஒரு சுரத்தானம். ஐந்தரைக் கட்டையில் இருந்த அந்தப் பாட்டு ஒரு படி இறங்கினால் ஐந்து, மூன்று படி இறங்கினால் நாலு. நாலுக்குக் கீழே அடுத்த படி மூன்று. மூன்றரை என்று ஒன்று கிடையாது. நாலில் அக்கா அனுபல்லவியைக் கழுத்து நரம்பு புடைக்காமல் எடுத்தார். எக்கோ இல்லாமல் எடுத்தார். பிறகுதான் அதைக் கொஞ்சமாக ஏற்றினேன்.

எக்கோவை வைத்துப் பழகுபவர்களுக்குச் சுருதி விலகுவது காதில் விழாது. முதல் சில வாரங்கள் அது வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம். சுனாமிக்குப் பிறகு கட்டிய கான்கிரீட் வீடுகளில் சுவரே எக்கோ கொடுக்கும். நாலு புடவையைக் கொடியில் போட்டுவிட்டுப் பாடிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். கூரை வீட்டுக்கு அந்தக் கவலை இல்லை.

மைக் பிடிப்பதில் ஒன்று. டிவியில் பார்த்துவிட்டு வலைத்தொப்பியை உள்ளங்கையால் பொத்திப் பிடிக்கிறார்கள். நல்ல மைக் முன்னால் வரும் குரலை மட்டும் எடுக்கும். அதற்காகவே உள்ளே பின்பக்கமாகச் சிறு துளைகள் விட்டிருப்பார்கள். பொத்தினால் அவை அடைபட்டு, நாலா பக்கச் சத்தத்தையும் இழுத்து, உடனே கூவும். தண்டைப் பிடியுங்கள். ஸ்பீக்கர் மைக்கின் முதுகைப் பார்க்கட்டும். உதட்டுக்கும் வலைக்கும் இரண்டு மூன்று விரல் இடைவெளி போதும்.

புளூடூத்தில் பாட்டு மட்டும் போனிலிருந்து ஸ்பீக்கருக்குப் போனால் தொல்லை இல்லை. உங்கள் குரலும் போனுக்குள் போய்ப் புளூடூத் வழியாகத் திரும்பி வந்தால், நொடியில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக்கூடத் தாமதமாகும். தன் குரல் பிந்திக் கேட்டால் பேச்சே தடுமாறும், தாளம் எங்கே நிற்கும்? ஆகவே மைக் நேராக ஸ்பீக்கரில் சேரட்டும். ஆரம்பத்தில் ஒயர் மைக்தான் என் சிபாரிசு. செட்டில் சுருதி மாற்றும் கீ பட்டன் இருந்தால் இன்னும் நல்லது.

ஒயர் மைக் என்று நான் சொல்ல எங்கள் ஊர் உப்புக் காற்றும் ஒரு காரணம். தை, மாசியில் தொடங்கும் உப்பு வேலை வடகிழக்குப் பருவமழையில் நின்றுவிடும். சனங்களுக்குப் பாட நேரம் கிடைப்பது அப்போதுதான். மின்சாதனங்களை ஈரம் தின்பதும் அப்போதுதான். சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தொட்டால் கசிய ஆரம்பிக்கும். கடல்நீரில் கூடவே வரும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். அதனால் மைக்கில் படிந்த பிசுக்கு இங்கே காய்வதே இல்லை. வலைத்தொப்பியைத் திருகிக் கழற்றினால் உள்ளே இருக்கும் பஞ்சில் பழுப்பு நிறத்தில் துரு இறங்கியிருப்பதைப் பார்க்கலாம். பஞ்சைத் தனியாக எடுத்து நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் முழுக்கக் காயவைத்து மாட்டுங்கள். ஒயர் பின்னைக் கான்டாக்ட் கிளீனர் போட்டுத் துடையுங்கள். வால்யூம் திருகு கரகரத்தாலும் அதே மருந்துதான். பாடி முடித்ததும் மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு மைக்கை வையுங்கள். ஒயர் மைக்கில் இத்தனையும் நம் கையாலேயே ஆகும். மலிவான ஒயர்லெஸ் மைக்கில் பேட்டரி முனை பச்சை பிடித்துவிட்டால் பெரும்பாலும் தூக்கிப் போட வேண்டியதுதான்.

உயிர் சம்பந்தப்பட்டது ஒன்றும் உண்டு. எர்த் சரியில்லாத வீட்டில், உப்பு ஈரக் கையோடு இரும்பு மைக்கைத் தொடக் கூடாது. கையைக் கழுவித் துடைத்துவிட்டு, சார்ஜரைக் கழற்றி, பேட்டரியில் ஓட்டிப் பாடுங்கள்.

டிராலி ஸ்பீக்கர் பலவற்றில் இருப்பது லெட் ஆசிட் பேட்டரி. காலியாகக் கிடந்தால் செத்துவிடும்; பாடாத மாதத்திலும் ஒருமுறை சார்ஜ் ஏற்றுங்கள். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் கரை கடந்ததுபோல ஒரு புயல் வரும் என்றால், முந்தின நாளே ஏற்றிவிட்டுத் தரையிலிருந்து தூக்கி உயரத்தில் வைத்துவிடுங்கள்.

ராத்திரி 10 மணி முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. எங்கள் ஊருக்கு அது போதாது. வெயிலுக்கு முந்திக்கொண்டு விடியுமுன்னே உப்புப் பாத்தியில் இறங்குகிறவர்கள் பக்கத்து வீட்டில் தூங்குவார்கள். எட்டரைக்கு நிறுத்திவிடுங்கள் என்று, செட் வாங்கிய எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.