புகையும் ஏதுவும்

மலையிலே புகையைக் கண்டு அங்கே நெருப்புண்டென்று துணிதல், தருக்க நூலார் கற்பிக்கும் முதற்பாடம். அடுக்களையை அதற்கு உதாரணமாகக் காட்டுவர். அப்பாடத்தை நாம் மாணவர்க்குப் பலமுறை சொல்லியிருக்கின்றோம். ஆயினும், புகையைக் கொண்டு அதன் காரணத்தைத் துணிவதற்கு எத்துணைப் பொறுமை வேண்டுமென்பதை ஒரு பழைய பிக்கப் வண்டியிடமே கற்றோம்.

2002ஆம் ஆண்டில் ஏ-9 பாதை திறக்கப்பட்டபின், வெங்காயமும் புகையிலையும் ஏற்றுவதற்கென எமது தந்தையார் வாங்கிய டீசல் வண்டி அது. வாங்கும்போதே அதற்கு இளமை கழிந்திருந்தது. ஒயில் மாற்றிய நாளைப் பஞ்சாங்கத்தின் ஓரத்தில் குறித்து வைப்பது அவர் வழக்கம். அவர் காலமானபின் வண்டி எம்மிடம் வந்தது; பஞ்சாங்கக் குறிப்பு நின்றுபோயிற்று. சில ஆண்டுகளில் வண்டி நீலப்புகை கக்கத் தொடங்கிற்று. சுமை ஏற்றினாலோ மற்றொரு நோய்: எஞ்சின் இரைந்து சுழலும், வண்டி விரையாது. கிளச் வழுக்குகின்றதென்றார்கள்.

விற்றுவிடத் துணிந்தோம். தரகர் ஒருவர் வந்து பார்த்தார்.

“மாஸ்ரர், தடிச்ச ஒயிலை விட்டு, புகை அடக்கிற மருந்திலை ஒரு போத்தலும் ஊத்துங்கோ. ரெண்டு கிழமைக்குப் புகை தெரியாது. அதுக்கிடையிலை வித்துப்போடுவம்” என்றார்.

வாங்க விரும்பியவர், கடன்பட்டு வெங்காயம் செய்யும் ஓர் இளைஞர். உண்மையைச் சொல்வதாயின், அந்த யோசனையை நாம் மறுக்கவில்லை. ஒயில் வாங்கும் எண்ணத்துடனேயே கராஜுக்குச் சென்றோம்.

அங்கிருந்த முதிய மெக்கானிக், 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில், சில துளி பெற்றோலில் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டப்பட்ட கார்களைப் பேணியவர். தடித்த ஒயில் எதற்கென்று வினவினார்.

“ரிங் தேஞ்சுபோச்சுது, அண்ணை. எஞ்சினை இறக்கிச் செய்ய எங்களுக்கு வசதியில்லை” என்றோம்.

“ஆர் சொன்னது ரிங் எண்டு? பொறுங்கோ மாஸ்ரர், பாப்பம்” என்றார் அவர்.

புகையின் நிறங்களை அவர் விளக்கிய முறை, வகுப்பறைக்கு ஏற்றதாயிருந்தது. கரும்புகை, காற்றுக்கு மிஞ்சிய டீசலைக் குறிக்கும். காற்று வடிகட்டி அடைபட்டிருக்கலாம், அல்லது இன்ஜெக்டர் பழுதாயிருக்கலாம். வெண்புகை காலைக் குளிரிற் சிறிது தோன்றி மறையுமாயின், அது எரியாத டீசல். எஞ்சின் சூடேறிய பின்னும் நீடித்து, ரேடியேற்றரில் நீரும் குறையுமாயின், நீர் எரியறைக்குட் புகுகின்றதென அஞ்சவேண்டும். நீலப்புகை, ஒயில் எரிவதன் அடையாளம்.

“ஒயில் எரியுதெண்டது சரி. ஏன் எரியுதெண்டது வேறை கேள்வி” என்றார்.

பின்னர் கிளச்சைச் சோதித்தார். மிதியின் தளர்வு அளவாகவே இருந்தது. கைத்தடையை இறுக்கி, மூன்றாங் கியரில் இட்டு, மிதியை மெல்ல விட்டார். நல்ல கிளச்சாயின் எஞ்சின் திணறி நின்றுவிடும். இதுவோ நில்லாது சுழன்றது. வண்டியின்கீழ்ப் படுத்து, எஞ்சினும் கியர்பெட்டியும் பொருந்துமிடத்தின் அடியை விரலால் தடவி முகர்ந்தார். கியர் ஒயிலாயின் கந்தக நெடி வீசும். இது கரிய எஞ்சின் ஒயில்.

அடுத்து, எஞ்சினின் மேல்மூடியிலிருந்து காற்றுவழிக்குச் செல்லும் சிறிய இறப்பர்க் குழாயைக் கழற்றி எம்மிடம் தந்து, “ஊதிப் பாருங்கோ” என்றார். காற்றுப் போகவில்லை. உள்ளே ஒயிற்கசடு தார்போல் இறுகிக் கிடந்தது.

எந்த எஞ்சினிலும் எரியறையின் வாயு சிறிதளவு ரிங்குகளைக் கடந்து கீழறைக்கு இறங்கும். அதனை வெளியேற்றும் மூச்சுக்குழாய் இதுவே. மூச்சு அடைபட்டால் உள்ளே அழுத்தம் ஏறும். அவ்வழுத்தம் ஒயிலை ஒருபுறம் எரியறைக்குள்ளும், மறுபுறம் பின்சீலைக் கடந்து கிளச்சின் மேலும் தள்ளும். முன்னது புகையாயிற்று, பின்னது வழுக்கலாயிற்று. அமுக்கமானியால் நான்கு சிலிண்டர்களையும் அளந்தபோது, நால்வரும் ஏறத்தாழ ஒத்த வலுவுடனிருந்தனர். நாம் பழி சுமத்திய ரிங்குகள் குற்றமற்றவை. தரகரின் மருந்தோ புகையை மறைத்து, அழுத்தத்தை அப்படியே விட்டிருக்கும்.

கியர்பெட்டியை இறக்கிப் பின்சீலை மாற்றினார். ஒயில் ஊறிய கிளச்தட்டைக் கழுவிப் பூட்டினால் மீண்டும் வழுக்குமென்பதால், அதனையும் புதிதாக்கினார். மூச்சுக்குழாயும் ஒயிலும் வடிகட்டியும் புதியன. எஞ்சினைத் திறக்கவேயில்லை. எஞ்சியிருந்த ஒயில் எரிந்து தீர்ந்ததும், சில நாட்களிற் புகை நின்றது.

பணத்தை எண்ணிக் கொடுக்கையில் அவர் ஒன்று சொன்னார்: “நேரத்துக்கு ஒயில் மாத்தியிருந்தா இந்தக் குழாய் அடைச்சிராது, மாஸ்ரர். ஐயா இருக்கேக்கை இப்பிடி வந்ததில்லை.”

நாம் மறுமொழி சொல்லவில்லை. புகையின் ஏதுவைத் தேடிச் சென்ற நாம், இறுதியில் எம்மையே கண்டோம்.

இளைஞர் வந்தபோது, நடந்தவற்றை ஒளியாது கூறி, அடைபட்ட பழைய குழாயையும் காட்டினோம். அவர் விலையிற் சிறிது குறைத்துக் கேட்டார், இசைந்தோம். திறப்புடன் அவ்வாண்டுப் பஞ்சாங்கம் ஒன்றையும் கொடுத்தோம். ஒயில் மாற்றிய நாளை அதன் ஓரத்தில் எமது கையாலேயே குறித்திருந்தோம்.