மூணாறு அக்காமார்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள அக்காமார்களுக்கு,

2015 செப்டம்பரில் நீங்கள் சாலையில் உட்கார்ந்ததற்குத் திருவான்மியூரிலிருந்து நன்றி சொல்கிறேன்.

20 சதவீதத்தை ஒட்டி வந்துகொண்டிருந்த போனஸைக் கம்பெனி பாதியாகக் குறைத்தது. கண்ணன் தேவன் தேயிலைத் தோட்டங்களில் நீங்கள் வேலையை நிறுத்தினீர்கள். 2005-இல் டாடா டீயிடமிருந்து தோட்டங்கள் கைமாறியபோது தொழிலாளர்களுக்கும் பங்கு கொடுத்திருந்தார்கள். அந்தப் பங்குதாரர்களுக்கு நாள் கூலி 230 ரூபாய் சொச்சம்! அதற்கும் 21 கிலோ கொழுந்து எடுத்தாக வேண்டும். இடுப்பில் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொண்டு, அட்டை கடித்த காலோடு, மழைச்சரிவில் நின்று எடுக்கிற 21 கிலோ.

சிஐடியு, ஏஐடியுசி, ஐஎன்டியுசி என்று மூன்று பெரிய சங்கங்கள் அங்கே இருந்தன. பேச வந்த தலைவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டு, 'பெண்பிளை ஒருமை' என்று நீங்களே பேர் வைத்துக்கொண்டு மூணாறை நிறுத்திக் காட்டினீர்கள். முதலமைச்சர் உம்மன் சாண்டியுடன் கொச்சியில் பேசி, 20 சதவீதம் உறுதியான பிறகுதான் எழுந்தீர்கள். 500 ரூபாய் கேட்ட கூலி 301-இல் நின்றுபோனது எனக்கு இன்னும் ஆறவில்லை.

இங்கே அடுக்குமாடிகளில் பாத்திரம் துலக்கி, வீடு துடைக்கிற பெண்களுக்குச் சம்பளப் பேச்சில் துணை நிற்பது என் வேலை. பலர் கண்ணகி நகரிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து வருகிறவர்கள். உங்கள் கதையை அவர்களிடம் சொன்னேன். தீபாவளி போனஸ் கேட்கப் போன அன்று, "நீங்க உட்காருங்க மேடம், நாங்களே பேசிக்கிறோம்" என்றார்கள். பேசினார்கள். முழங்கால் வலியில் தொடங்கி, லிஃப்டில் ஏறக்கூடாது என்ற விதிவரை எல்லாம் வந்தது. நான் பேசியிருந்தால் போனஸோடு நிறுத்தியிருப்பேன். ஒரு மாதச் சம்பளம் போனஸாகக் கிடைத்தது, லிஃப்டும் திறந்தது.

2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் மண் சரிந்து, தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களோடு 70 பேர் போனார்கள். அந்தச் செய்தி வந்தபோது இந்தப் பெண்கள் உங்களைத்தான் கேட்டார்கள்: "அந்த அக்காங்க நல்லா இருக்காங்களா?" தோட்டத்தில் வீடு தர வேண்டும் என்று 1951-இன் சட்டம் சொன்னது. வேலை ஓய்ந்தால் அந்த வீட்டையும் விட்டு வெளியேற வேண்டும் என்பதைச் சொன்னபோது, நகரத்துக்குள் இருந்த குடிசையிலிருந்து கண்ணகி நகருக்குப் பெயர்க்கப்பட்டவர்களுக்கு அதை விளக்க வேண்டியிருக்கவில்லை. சொந்த மண்ணும் வீடும் கேட்டு நீங்கள் அடுத்து எப்போது உட்கார்ந்தாலும் ஒரு தகவல் கொடுங்கள். நாங்கள் வருகிறோம்.

அன்புடன்,
உங்கள் தங்கை,
திருவான்மியூர்