எட்டில் ஒரு பங்கு

மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906ஆம் ஆண்டில் ஒரு சிறிய இருப்புப் பாதை வந்தது. பின்னர் அது ஓசூர் வரை நீண்டது. தண்டவாளங்களுக்கிடையே 762 மில்லிமீட்டர் அகலமே கொண்ட அப்பாதை 1941இல் மூடப்பட்டது, இரும்பும் பெயர்த்தெடுக்கப்பட்டது. அதில் ஓடிய நீராவி எஞ்சினைக் கண்ணாரக் கண்டவர்கள் இன்று அரியர்.

நம் பங்கைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் திருச்சி பொன்மலைப் பணிமனையில் உழைத்து ஓய்வு பெற்றவர். அப்பாதையின் அகலத்தை எட்டில் ஒன்றாகக் குறுக்கி, உண்மையாகவே நீராவியில் ஓடும் சிற்றெஞ்சின் ஒன்றை அவர் செய்து வருகிறார். அதற்கான பாகங்கள் எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை. ஒவ்வொன்றையும் தாளில் வரைந்து, மரத்தில் மாதிரி செதுக்கி, மணலில் அச்செடுத்து, வார்த்து, லேத்தில் கடைந்து, அரத்தால் தேய்த்து முடிக்கிறார். வார்ப்பிரும்பு ஆறும்போது நூற்றுக்கு ஏறத்தாழ ஒரு பங்கு சுருங்கும். ஆதலால் மரமாதிரி அந்த அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும். கடைந்து கழிக்கும் பகுதிக்கும் இடம் விட வேண்டும்.

பொன்மலைக்கு இக்கலை புதிதன்று. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் பற்சக்கர எஞ்சின்கள் முதலில் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரிலிருந்து வந்தவை. அவை முதுமையடைந்தபோது, அதே வகையைப் புதிதாகக் கட்டும் பணியைப் பொன்மலை ஏற்றது. 2011இல் எண்ணெயால் எரியும் எஞ்சினையும், 2021இல் நிலக்கரியால் எரியும் எஞ்சினையும் அது உருவாக்கித் தந்தது.

பெரியதைச் சிறியதாக்குவது எளிது என்று நாம் எண்ணிவிடுகிறோம். நீளம் எட்டில் ஒன்றானால் பரப்பு 64இல் ஒன்றாகும். கொள்ளளவோ 512இல் ஒன்றாகும். கொள்ளளவை நோக்கப் பரப்பு மிகுதியாவதால், சின்னஞ்சிறு உருளைக்குள் புகும் நீராவி விரைவில் குளிர்ந்து நீராகிவிடுகிறது. 8 மில்லிமீட்டர்த் துளை 1 மில்லிமீட்டராகிறது. ஆனால் தண்ணீரில் வரும் தூசு தன்னைச் சிறிதாக்கிக்கொள்வதில்லை. உப்புப் படியும் நம் மாவட்டத்துக் கிணற்று நீரைக் கொதிகலனில் ஊற்றினால், அத்துளை சில நாளில் அடைபடும். அதனால் அவர் மழைநீரைச் சேர்த்து வைக்கிறார். சிறுமை வேண்டுவது குறைந்த கவனத்தையன்று, கூடுதல் கவனத்தையே.

ஒருநாள் நாம் சென்றிருந்தபோது, பல நாள் உழைப்பில் கடைந்த உருளை ஒன்று அவர் கையில் இருந்தது. உட்சுவரில் கடுகளவு குழி ஒன்று தெரிந்தது. வார்க்கும்போது உள்ளே சிக்கிய காற்றின் வேலை அது. அடைத்து வண்ணம் பூசிவிடலாமே என்று கேட்டோம்.

"பெயின்ட் அடித்தால் பார்க்கிறவர்களுக்குத் தெரியாது, சாமி. நீராவிக்குத் தெரிந்துவிடும்" என்றவர், அதைப் பழைய இரும்புக் குவியலில் போட்டார். மரமாதிரியை மறுபடியும் எடுத்துத் துடைத்தார்.

கொதிகலனையும் அவர் இவ்வாறே சோதிக்கிறார். முதலில் நெருப்பு மூட்டுவதில்லை. குளிர்ந்த நீரை நிரப்பி, வேலை அழுத்தத்தைப் போல் இருமடங்கு ஏற்றிப் பார்க்கிறார். நீர் அழுத்தத்தால் அதிகம் சுருங்குவதில்லை. எனவே தகடு பிளந்தாலும் நீர் கசியுமேயன்றி வெடித்துச் சிதறாது. ஆபத்தில்லாத வேளையிலேயே குறையைத் தேடிக் காண்பது எத்தகைய அறிவுடைமை!

இப்போது அவர் கண்பார்வை மங்கி வருகிறது. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பயிலும் பேரன் மாலை வேளைகளில் வந்து அமர்கிறான். வரைபடத்தைக் கொடுத்துவிடலாம், அரம் பிடிக்கும் விரலின் உணர்வை எழுதிக் கொடுக்க முடியாது. அருகிலிருந்து பழகினால்தான் அது கைமாறும். நம் வட்டாரத்துப் பாதையைப் பெயர்த்தெடுக்க அதிக காலம் பிடிக்கவில்லை. கைத்திறனும் அவ்வாறே ஒரு தலைமுறையில் பெயர்ந்துவிடக்கூடும். அந்தச் சிற்றெஞ்சின் என்று ஓடும் என்பதைவிட, அடுத்த உருளையைக் கடையப்போவது யார் கை என்பதே நமக்குப் பெரிதாகப் படுகிறது.